மாத்ரித்தில் முதலில் பேசிய மனெலிக்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு எண்ணெய் வைத்தியம் கேட்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படியை மட்டும் கொஞ்ச நாள் மறந்துவிடு. இங்கே பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பகலில் படிக்க நேரம் கிடைக்கிறது.

இப்போது படித்து முடித்தது ஒரு கத்தலான் நாடகம்; ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் பேசுகிற மொழி அது. ஆன்ஜெல் கிமெரா எழுதிய ‘தெர்ரா பாஷா’. சிரிக்காதே, உச்சரிப்பே அப்படித்தான். தாழ்நிலம் என்று பொருள். பிச்சையெடுத்துத் திரிந்த மார்த்தாவைச் சேர்த்துக்கொண்டு தன் ஆசைநாயகியாகவும் ஆக்கிக்கொண்ட பண்ணையார் செபஸ்தியாவுக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது. பணக்காரப் பெண்ணைக் கட்டினால்தான் தப்பிப்பான். ஊர் வாயை அடைக்க, மலையில் ஆடு மேய்க்கிற மனெலிக்கைக் கீழே வரவழைத்து மார்த்தாவை அவனுக்குக் கட்டிவைக்கிறான். அவளை விடுகிற எண்ணமெல்லாம் இல்லை. ஊருக்கே தெரியும், மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. ஓநாயோடு மல்லுக்கட்டிக் கொன்றதற்குப் பண்ணையார் கொடுத்த வெள்ளிக்காசை, கல்யாண ராத்திரியில் அவளிடம் நீட்டுகிறான் பார், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காசும் அவன் கொடுத்தது, பெண்டாட்டியும் அவன் கொடுத்தது. இவனுக்கு இரண்டிலும் பெருமை! கடைசியில் செபஸ்தியாவை வெறுங்கையால் கொன்றுவிட்டு, ‘ஓநாயைக் கொன்றுவிட்டேன்’ என்று கத்தியபடி மார்த்தாவோடு மலைக்குக் கிளம்புகிறான்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. இந்த நாடகம் முதலில் மேடையேறியது கத்தலானில் இல்லை. 1896 நவம்பரில், ஸ்பெயின் தலைநகர் மாத்ரித்தில், ஸ்பானிஷில். மொழிபெயர்த்தவர் ஹோசே எச்செகராய். இன்ஜினியர், கணித அறிஞர், நிதி மந்திரியாகவும் இருந்தவர். நடித்தது நடிகை மரியா கெரேரோவின் குழு. கத்தலான்காரர்கள் தங்கள் மொழியில் பார்க்க அடுத்த பிப்ரவரி ஆனது, அதுவும் தொர்தோசா என்ற ஊரில். பார்சலோனாவுக்கு மே மாதம்தான் வந்தது.

இத்தனைக்கும் 1895இல்தான் இதே கிமெரா, பார்சலோனாவின் அத்தனேயு என்ற கலாச்சாரச் சங்கத்தின் தலைவராகக் கத்தலானில் உரையாற்றி, பெரிய ரகளை ஆனது. அங்கே அதுவரை ஸ்பானிஷில் பேசுவதுதான் வழக்கம். கொள்கையை மாத்ரித்தில் அடகுவைத்துவிட்டார் என்று நீ சொல்வாய், தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெனெரிஃபே தீவில் பிறந்து, சிறுவனாகக் கத்தலோனியா வந்து, எழுதுவதற்குக் கத்தலானைத் தானே தேர்ந்துகொண்ட மனுஷன். எழுத்தில் அதைக் கடைசிவரை விடவில்லை. மேடைக்கணக்கு வேறு. தலைநகரில் முதல் வரிசை நடிகை நடிக்கத் தயாராக இருக்கும்போது எந்த நாடகக்காரன் வேண்டாம் என்பான்? நீயே சொல்லியிருப்பாயா?

அந்த ஸ்பானிஷ் பிரதி வெகுதூரம் போனது. நான் படித்த 1914ஆம் வருஷத்து ஆங்கிலப் புத்தகமே எச்செகராயின் ஸ்பானிஷிலிருந்து வந்ததுதான். இந்தக் கதையை வைத்து ஆய்கன் டால்பேர் ‘டீஃப்லாண்ட்’ என்று ஓர் ஓபரா அமைத்து, அது 1903இல் பிராகில் அரங்கேறியது.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில். எச்செகராய்க்கு 1904இல் நோபல் கிடைத்தது. அவருடைய சொந்த நாடகங்களுக்குத்தான், அதில் தப்பில்லை. கிமெராவைப் பல வருஷம் பரிந்துரைத்தார்கள். ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை, என்ன செய்ய.

புத்தகத்தை அனுப்பிவைக்கிறேன். இரண்டாம் அங்கத்தில் மார்த்தா வேண்டுமென்றே மனெலிக்கைச் சீண்டி, அவன் கையாலேயே சாகப் பார்க்கிறாள். கெரேரோ அதை எப்படி நடித்திருப்பார் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. நீ படித்து முடித்து, உன்னுடையதை முதலில் எழுது.

அன்புடன்,
கண்ணன்