பேர் இல்லாத ஆறா அது?

பாப்பாவுக்கு,

நேற்று வீடியோ காலில் சின்னவன் பள்ளிக்கூட வேலைக்காக "தாத்தா ஊரு ஆத்துக்கு என்ன பேரு"ன்னு கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு "அதுக்கெல்லாம் பேரு இல்லடா, வெறும் மணல்" என்றுவிட்டாய். ராத்திரி முழுக்க அதே நினைப்பு எனக்கு.

ஒன்றல்ல, மூன்று பேர் அதற்கு. சங்கராபரணி, வராக நதி, செஞ்சி ஆறு. நாம்தான் சோம்பேறித்தனமாக ஆறு என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். செஞ்சி மலைப்பக்கம் கிளம்பி, வீடூரில் தொண்டியாறோடு சேர்கிறது. அங்கே 1959-ல் கட்டிய அணை, 32 அடி. அதற்குக் கீழே திருவக்கரை, மரமே கல்லாகிப்போன கல்மரம் கிடக்கும் ஊர். ஏழாவது படிக்கும்போது ஒரு சில்லைப் பாவாடையில் மறைத்து எடுத்து வந்து காவலாளியிடம் மாட்டினாயே, அது 2 கோடி வருஷத்துப் பொருள்! அப்புறம் மணலிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, வில்லியனூர், திருக்காஞ்சி எல்லாம் தாண்டி, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று ரெண்டாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. ரோமாபுரி ஜாடித் துண்டுகள் கிடைத்த அரிக்கமேடும் இதன் கரைதான். 1945-ல் தொல்லியல்காரர் வீலர் துரை தோண்டிய இடம்.

வெறும் மணல் என்றாயே, அந்த மணலுக்குள்தான் தண்ணீரே இருக்கிறது. சித்திரை வெயிலில் உன் ஆயா முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவாள். இப்போது படுகை அணையில் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே இறங்குவதால்தான் நம் மோட்டார் கோடையிலும் இழுக்கிறது, கரும்பு நிற்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக மணலை அள்ளிக்கொண்டு போகிறவர்களால் அந்த ஊற்றெல்லாம் போச்சு, அந்தக் கதையை எழுதினால் எனக்கு பிபி ஏறும்.

வருஷத்தில் பத்து மாசம் படுத்துக் கிடக்கும், உண்மைதான். ஆனால் 2024 ஃபெஞ்சல் புயலில் வீடூரைத் திறந்துவிட்டபோது அது கரை ததும்பி வந்ததை நீ பார்க்கவில்லை.

சரி, நோட்டில் ஒரு படம் போட்டு வைத்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அவனிடம் காட்டு. முக்கால்வாசி மணல் கலரே அடிக்கட்டும், பேரை மட்டும் தப்பில்லாமல் எழுதச் சொல். மாசி மகத்துக்குத் திருக்காஞ்சி போகலாம் என்கிறாள் அம்மா, டிக்கெட் போட்டாச்சா?

அப்பா