அந்த இருபது போர்வைகளைப் பற்றி

அவிநாசி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதமும் நீ வாங்கி அனுப்பிய ஜீஸ் பெண்ட் ஊர்ப் போர்வைப் புத்தகமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. போனிலேயே பேசி முடித்துவிடலாம் என்று அப்பா சொன்னார். ஆனால் நீ கேட்டிருப்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். அதுவும் என் ஒருத்தியின் பணமல்ல, புதன்கிழமை மதியம் நம் வீட்டுக் கூடத்தில் கூடித் தைக்கிற அத்தனை பேருடைய பணம். ஆகையால் பதில் எழுத்தில் இருப்பதே நல்லது என்று எனக்குப் பட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், உன் சிநேகிதியின் கடைக்கு, ஒரே மாதிரியான இருபது ஒட்டுத்துணிப் போர்வைகள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். கடிதத்தை அப்படியே கூட்டத்தில் வாசித்தேன். சந்தோஷப்படாதவர்கள் யாரும் இல்லை. நம் கைவேலை அமெரிக்காவில், அலபாமாவின் பர்மிங்காமில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கப்போகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இருந்தாலும் டீக்குடித்து முடிப்பதற்குள் இரண்டு கட்சியாகிவிட்டோம். கடைசியில் வந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்வைகளை விற்கிறோம், ஆனால் ஒரே மாதிரி இருபது தைத்துத் தரமாட்டோம். ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ ஊரை விட்டுப் போனபோது இந்தக் கூட்டம் கிடையாது என்பதால், யார் யார் வருகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. அரசுத் தேர்வில் தையல் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மாதான் எங்களுக்குத் தலைவி. அவர் போடுகிற சங்கிலித் தையலில் ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது என்பதே இருக்காது. மாடி வீட்டு அக்காவுக்குக் குரோஷா மட்டும்தான் தெரியும், அதை விட்டு நகரவும் மாட்டார். இந்தத் தெருவில் அவர் பின்னிய தோரணம் தொங்காத நிலைப்படி குறைவு. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபின் வேலையை விட்டுவிட்ட செல்வி இருக்கிறாள். இவர்களைத் தவிர மருமகள்கள், பாட்டிகள், பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இரண்டு பிள்ளைகள். அவரவர் அந்த வாரம் தைத்ததைக் கொண்டு வந்து காட்டுவார்கள், அதைக் கையில் வாங்கிய எல்லோரும் முதல் காரியமாகப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். முடிச்சும் நூல் தாவலும் அங்கேதானே தெரியும்! நடுவில் பொதுப் போர்வை ஒன்று எப்போதும் விரித்துக் கிடக்கும். தெருவில் குழந்தை பிறந்தால் முதலில் முடிகிற போர்வை அந்த வீட்டுக்குப் போய்விடும். எங்களுக்குள் எழுதாத சட்டம் அது.

அந்தப் போர்வை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் ஒரே மாதிரி இருபது என்பதற்கு நான் ஏன் தலையசைக்கவில்லை என்பது உன் சிநேகிதிக்கும் விளங்கும். துவைத்துத் துவைத்து நூல் இளகிய பருத்திச் சேலைதான் அடித்தட்டு. புதுத் துணியில் கஞ்சி இருப்பதால் ஊசி ஏறாது, பெட்டியில் கிடந்த பழைய சேலையில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். நடு அடுக்குக்குப் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டைப் போடுகிறோம். இந்த ஊர் வெயிலுக்குப் பஞ்சு அடைத்த போர்வையை யாரும் போர்த்த முடியாது, அதுவுமில்லாமல் நெருக்கமாகத் தைக்காத பஞ்சு இரண்டு துவையலில் ஒரு மூலையில் போய்த் திரண்டுவிடும். பனியன் துணியை மேல் தட்டில் மட்டும் சேர்ப்பதில்லை. அது இழுத்த பக்கம் நீளும் என்பதால், சேலைத் துணியோடு ஒட்டிவிட்டால் பிறகு அந்த இடம் மட்டும் சுருங்கிக்கொண்டு நிற்கும். மேல் தட்டு முழுக்கச் சேலைத் துண்டுகளும் டெய்லர் கடைக் கட் பீஸ்களும்தான். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை என்பதால் அவற்றைத் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிகிற வரை அலசிய பிறகே சேர்ப்போம்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவி, நடுவிலிருந்தே நாலு மூலைக்கும் நீளநீளமாகக் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடுகிற தற்காலிகத் தையல்) ஓட்ட வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேர்ந்து, எவ்வளவு நீவினாலும் போகாது. அதன்பிறகு நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்து ஓட்டுத் தையல் போட ஆரம்பிப்போம். டீச்சரம்மாவின் தையல் அரிசி மணி அளவுக்குச் சின்னது. செல்வியின் தையல் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், ஆனால் வேகம் அதிகம். பாட்டிகளின் தையல் நீளமாகவும் தளர்வாகவும் இருக்கும், அதைப் பிரித்துத் தைக்க யாருக்கும் மனசு வராது. முடிந்த போர்வையைத் திருப்பிப் போட்டால், எந்தப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லிவிடலாம். துணியும் அவரவர் பெட்டியிலிருந்து வருவது. ஒரு மாம்பழ நிறச் சேலை ஒரு போர்வையோடு தீர்ந்துவிடும். அதே நிறத்தில் இன்னும் பத்தொன்பது போர்வைக்கு எங்கே போவது? கடையில் புதுத் துணி வாங்கித் தைக்கலாம்தான். ஆனால் அது வேறு பொருள், அதை இந்தக் கூட்டத்தின் பெயரைச் சொல்லி விற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

நீ அனுப்பிய புத்தகத்தைப் படித்தபோது இதே சங்கடத்தை ஜீஸ் பெண்ட் பெண்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே பட்டுத் தீர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. உன் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில்தானே இருக்கிறது அந்த ஊர். அக்டோபரில் போர்வைகளையெல்லாம் கொடியில் காயப்போட்டுத் திருவிழா நடத்துகிறார்களாமே, போய்ப் பார்த்துவிட்டு வா. அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஒரு நிலத்துண்டு. பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் அங்கேயே தங்கி, கிழிந்த வேலைச் சட்டையையும் ஜீன்ஸையும் வெட்டி ஒட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தவர்கள். எந்த மாதிரியையும் பார்த்துத் தைக்காமல், கையில் கிடைத்த துண்டு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போவதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘என் வழி’. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து பேசினார். வாக்காளராகப் பதிவு செய்யப் போனவர்களில் பலர் குத்தகை நிலத்தையும் வீட்டையும் இழந்தார்கள். ஆற்றைக் கடந்து காம்டனுக்குப் போகிற படகுப் போக்குவரத்து 1962-இல் நின்றது, மறுபடி ஓடத் தொடங்கியது 2006-இல்தான்.

அந்த நெருக்கடியில்தான் 1966-இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைப் பக்கத்து ஊர்ப் பெண்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். நியூயார்க்கின் பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனிக்காகக் கார்டுராய் என்கிற, வரிவரியாக மேடிட்ட தடித்த துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது. கூலி வந்தது, சொந்தமாக நிலம் வாங்கித் தையல் கூடம் கட்டினார்கள், வீடிழந்த சில குடும்பங்களுக்கு அந்த நிலத்திலேயே மனையும் விற்றார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் கடைக்காரர் கேட்டது ஒரே அளவு, ஒரே மாதிரி, நேரான மூலை. ‘என் வழி’க்கு அந்த ஆர்டரில் இடமில்லை. ஆகவே கடைக்கு ஒரு விதமாகவும் வீட்டுக்கு வேறு விதமாகவும் தைத்தார்கள். உறை வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், இஷ்டப்படி ஒட்டித் தங்கள் கட்டிலுக்குப் போர்வையாக்கிக்கொண்டார்கள். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் மாட்டி ஊரே வியந்து பார்த்தவை இப்படி வீட்டுக்கென்று தைத்தவைதான். 2006-இல் அமெரிக்கத் தபால் துறை தபால்தலைகளாக வெளியிட்டதும் அவற்றைத்தான். புத்தகத்தின் நடுவில் இருக்கும் அந்தப் பழுப்புக் கார்டுராய்ப் போர்வையின் படத்தை டீச்சரம்மாவிடம் காட்டினேன். மூலை கோணலாக இருக்கிறதே என்று முதலில் முகம் சுளித்தவர், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னும் திரும்பி வரவில்லை.

கோணல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உத்தர கன்னடத்தில் எல்லாப்பூர், ஹலியாள் பக்கத்துக் காடுகளில் சித்தி மக்கள் இருக்கிறார்கள்; ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை, ஓரத்து மூலையில் ஆரம்பித்து, பழைய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடியும். நாங்கள் செய்வதற்கு நேர் எதிர். நாலு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளால் பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி. போர்த்திக்கொள்ள அந்தப் பூவினால் ஒரு உபயோகமும் இல்லை, அதை வைக்க நேரம் மட்டும் பிடிக்கும். ஆர்டர் பிடித்துக் கணக்குப் பார்க்கிறவர் முதலில் வெட்டச் சொல்வது அதைத்தான். நம் தேரில் தொங்குகிற தொம்பையில்கூட (அந்தத் துணி உருளையில்), அவ்வளவு உயரத்தில் யார் கண்ணுக்கும் எட்டாத பட்டியை ஏன் இவ்வளவு சிரத்தையாக ஒட்டியிருக்கிறார்கள் என்று சின்ன வயசில் நீ கேட்பாய்.

இனிப் பணக் கணக்கு. போர்வை ஒன்றுக்கு 45 டாலர் தருவதாக உன் சிநேகிதி சொல்லியிருக்கிறாள். நம் பணத்தில் சுமார் 4,000 ரூபாய். கையால் தைக்கும் ஒற்றைக் கட்டில் போர்வைக்குத் துணி வெட்டுவதிலிருந்து ஓரம் கட்டுவது வரை நூறு மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். துணிக்கும் நூலுக்கும் 800 ரூபாய் கழித்தால் மிஞ்சுவது 3,200, அதாவது மணிக்கு 32 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 256. செல்வி இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, ‘இதுக்கு நான் கம்பெனி வண்டியிலேயே ஏறிப் போயிருவேனுங்க அம்மா’ என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கலைக்காகத் தைக்கிறோம், விலை முக்கியமில்லை என்று மாடி வீட்டு அக்கா பேசினார். பென்ஷன் வருகிறவர் அப்படிப் பேசலாம், செல்வியை அப்படிப் பேசச் சொல்ல முடியாது.

ஆகையால் இரண்டையும் பிரித்துக்கொள்வதென்று பேசி முடித்திருக்கிறோம். வருமானம் வேண்டுமென்கிற நாலு பேர், செல்வி வீட்டு மெஷினில், புதன்கிழமை தவிர மற்ற நாட்களில், தலையணை உறை, மேசை விரிப்பு, கைப்பை ஆகியவற்றைப் புதுத் துணியில் ஒரே அளவாக, ஒரே மாதிரியாகத் தைத்துத் தருவார்கள். அதற்கு இருபதென்ன, இருநூறு வேண்டுமானாலும் கேட்கலாம். பீஸ் ரேட்டை அவர்களே சொல்வார்கள், அதில் நானும் டீச்சரம்மாவும் தலையிடமாட்டோம், கமிஷனும் கிடையாது. மெஷின் தையல் என்று சீட்டில் எழுதியே விற்க வேண்டும். புதன்கிழமைப் போர்வைகளைப் பொறுத்தவரை, எது முடிந்திருக்கிறதோ, அதில் எதைக் கொடுக்கத் தைத்தவர்களுக்குச் சம்மதமோ, அது மட்டும் வரும். மணிக்கு 100 ரூபாய் என்று வைத்து, துணிச் செலவையும் சேர்த்து 10,800. தபால் செலவு தனி. இந்த விலைக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, தெருவில் பிறக்கிற குழந்தைக்கு ஆகும்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதையும் உன் சிநேகிதியிடம் முன்கூட்டியே பேசிவிடு. இந்தியக் கிராமத்து ஏழைப் பெண்கள் கஷ்டப்பட்டுத் தைத்தது என்கிற மாதிரி ஒரு வரி வரவே கூடாது. டீச்சரம்மா முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர், மாடி வீட்டு அக்காவுக்கு மூன்று வீட்டு வாடகை வருகிறது, செல்விக்கு இரக்கம் வேண்டாம், ரேட்தான் வேண்டும். தைத்தவர்களின் பெயரைப் பின்பக்க மூலையில் தமிழிலேயே நூலால் எழுதி அனுப்புகிறோம்; அதற்கு மேல் ஏதாவது எழுதத்தான் வேண்டுமென்றால், என்ன துணி, எப்படித் துவைப்பது என்பதை எழுதச் சொல். முதல் துவையல் தனியாக, பச்சைத் தண்ணீரில், நிழலில் உலர்த்துவது. அவர்கள் ஊர் டிரையரில் போட்டால் நடு அடுக்கில் இருக்கும் பனியன் துணி சுருங்கிவிடும், அதன் பிறகு எங்களைக் குறை சொல்லக் கூடாது.

உன் குவில்டிங் குழுவில் நீ தைத்துக்கொண்டிருக்கும் போர்வையின் படத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பு, டீச்சரம்மா கேட்டார். மாப்பிள்ளையின் பழைய ஜீன்ஸ் இரண்டை எறியாமல் வைத்திரு; டிசம்பரில் வரும்போது கொண்டு வந்தால் இங்கே துண்டு போட்டுக்கொள்ளலாம். மெஷின் சாமான்களுக்கு எந்த அளவு, எத்தனை என்பதை இந்த மாதக் கடைசிக்குள் எழுதிவிடச் சொல், துணி எடுக்கத் திருப்பூர் போக வேண்டும்.

அன்புடன்,
அம்மா