தம்பிக்கு, கடலூரிலிருந்து அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்று மோட்டாரைச் சரிபார்த்தாகிவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அலமாரியைத் துடைக்கும்போது, பதினொன்றாவதில் நீ அட்டை பிய்யப் பிய்யப் படித்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் கையில் கிடைத்தது. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் படித்து முடித்தேன். எஸ்.இ. ஹின்டன் என்று போட்டிருந்ததால் ஆண் என்றே நினைத்திருந்தேன். அமெரிக்காவில் டல்சா ஊர்ப் பெண்ணாம். 1967-இல் புத்தகம் வந்தபோது வயது 18தான். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்போதே எழுதியிருக்கிறாள்! எண்ணெய் தடவி முடி வளர்த்த ஏழைப் பையன்கள் என்றாலே ஊருக்கு ரவுடிகள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அடிதடி செய்தாலும் மரியாதை குறைவதில்லை. தீப்பிடித்த சர்ச்சுக்குள் ஓடிக் குழந்தைகளைக் காப்பாற்றிய ஜானி செத்துப்போகிற இடத்தில் அழுதுவிட்டேன்.

ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் செய்தது அந்தப் பணக்கார வீட்டுப் பெண் செர்ரிதான். சினிமாவுக்குப் போன இடத்தில் ஏழைப் பையன் போனிபாயிடம் எவ்வளவு மனசுவிட்டுப் பேசுகிறாள்! அவள் பார்க்கிற அஸ்தமனத்தைத்தான் தானும் பார்க்கிறோம் என்று அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிளம்பும்போது, பள்ளியில் எதிரே பார்த்து நான் பேசாமல் போனால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்கிறாள். கெட்ட பெண்ணாக இருந்தால் பரவாயில்லை தம்பி, நல்ல பெண் அல்லவா அப்படிச் சொல்கிறாள்!

போன வெள்ளிக்கிழமை உன் சிநேகிதன் வந்தான். தேவனாம்பட்டினத்திலேயே கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து எங்கள் இருவர் கையிலும் கொடுத்துக் காலில் விழுந்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். "வருவானாம்மா?" என்று கேட்டான். நான் பதில் தேடுவதற்குள், "போன் எடுக்கல, வேலை அதிகம்போல" என்று உனக்காக அவனே சொல்லிக்கொண்டான்.

பெங்களூரில் வேலை அதிகம்தான், எனக்குத் தெரியும். ஒரு போன் பண்ண எவ்வளவு நேரமாகும்?

2011-இல் 'தானே' புயலில் ஊரே இருட்டில் கிடந்தபோது, வாசலில் விழுந்த மாமரத்தை வெட்ட அரிவாளோடு முதலில் வந்து நின்றது யார்? பெரியப்பா அன்றைக்கும், "குப்பத்துப் பையனை அடுப்படி வரைக்கும் விடுகிறாயே" என்றார். என் வீட்டுப் பிள்ளை வருவான் போவான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. சித்தி வீட்டு விசேஷத்தில் அவனுக்குப் பின்கட்டில் இலை போட்டார்களே, நீ பந்தியிலிருந்து உன் இலையை அப்படியே ஏந்திக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாய். சாம்பார் சட்டையெல்லாம் வழிந்தது. என் பிள்ளை என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

அந்தப் பையன் எங்கே போனான்? உன் ஆபீஸ் சிநேகிதர்களுக்கு முன்னால் அவன் பெயரைச் சொல்லக் கூச்சமா? கேட்கவே எனக்கு நா எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அப்படி இல்லை என்றால் இல்லை என்று சொல், நான் நம்புகிறேன்.

கல்யாணம் ஆவணி கடைசி ஞாயிறு. சனிக்கிழமையே அவன் வீட்டில் இருக்க வேண்டும், தாலி கட்டும் நேரத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து நிற்காதே. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். டிக்கெட்டை இப்போதே போடு. சரி, முதலில் அவனுக்குப் போன் பண்ணு. எனக்கு அப்புறம் பண்ணிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா