கவாத்துக் காயமும் காய்ச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பகுதியில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் கவாத்தின்போது கையில் கத்தி பட்டு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சீழ் பிடித்து வீங்கிய காயத்துக்குத்தான் எங்கள் மக்கள் பயப்படுவார்கள். மற்றதை மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் நச்சு அதிர்ச்சி நோயிடம் இந்தக் கணக்கு செல்லாது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து லைனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) ஒருவருக்கு இடது பெருவிரலில் அரை அங்குல வெட்டு. மூன்றாம் நாள் அதில் சிவப்புகூட அதிகமில்லை. ஆனால் அவருக்குக் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெந்நீர் பட்டாற்போல் உடம்பெங்கும் சிவப்பு, எழுந்தால் தலைசுற்றல். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நானும் நினைத்தேன். ஓர் இரவு வீணாயிற்று. மருத்துவமனையில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80 ஆகச் சரிந்திருந்தது. நல்லவேளையாகப் பிழைத்தார். இரண்டு வாரம் கழித்து அவருடைய உள்ளங்கைத் தோல், தேயிலைக் கறையோடு தாள் தாளாக உரிந்தது.

1978இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டாட் பெயரிட்டு விவரித்த நச்சு அதிர்ச்சி நோய் இதுதான். கிருமி பெரும்பாலும் காயத்திலேயே தங்கிவிட, அது சுரக்கும் நச்சுப் புரதம் மட்டும் ரத்தத்தில் கலக்கிறது. வழக்கமாக ஒரு கிருமியை எதிர்க்க நம் உடலின் காவல் அணுக்களான டி அணுக்களில் மிகச் சிறு பகுதியே கிளம்பும். இந்த நச்சோ ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரே நேரத்தில் தூண்டிவிடுவதால், அவை கொட்டும் வேதிப்பொருள்களால் ரத்தக் குழாய்கள் கசிந்து அழுத்தம் சரிகிறது. ஆகவேதான் காயத்தைத் திறந்து கழுவுவதோடு, கிருமியைக் கொல்லும் மருந்துடன் நச்சு உற்பத்தியை அடக்கும் கிளிண்டாமைசினையும் மருத்துவர்கள் சேர்த்துத் தருகிறார்கள். மருந்துக் கடையில் வாங்கும் இரண்டு மாத்திரைகளால் ஆகிற காரியமல்ல இது.

ஏறத்தாழ 30 சதவீத மக்களின் மூக்கில் இந்தக் கிருமி குடியிருக்கிறது. பெரியவர்கள் பெரும்பாலோரின் ரத்தத்தில் இந்த நச்சுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதால் நோய் அரிது. அரிது என்பதாலேயே உரிய நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

தோட்ட மருந்தகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், காய்ச்சலும் உடற்சிவப்புமாக வருபவரிடம் அண்மையில் காயம் பட்டதா என்று கேட்டு, கட்டை அவிழ்த்துப் பார்த்து, ரத்த அழுத்தம் குறைந்திருந்தால் உடனே நரம்பில் திரவம் ஏற்றி, விடியும்வரை காத்திராமல் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும். பனி மூடிய மலைப்பாதையில் ஏறத்தாழ 30 கி.மீ. போக வேண்டிய எங்களுக்கு, முதல் ஒரு மணி நேரச் சிகிச்சை இங்கேயே தொடங்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.