சத்துவாச்சாரியிலிருந்து ஒரு புலம்பல்

டேய் சேகர்,

இத்தனை நாள் எழுதவில்லை என்று ஆரம்பிக்காதே, நீ மட்டும் என்ன எழுதிக் கிழித்தாய்? வீட்டில் எல்லோரும் நலம். அம்மா ஜாதகக் கட்டோடு அலைகிறாள். குண்டுமணிக்குப் பெண் குழந்தை. மூக்கு அப்படியே அவனுடையது, பாவம்.

விஷயம் இதுதான்: எம்பிஏவுக்கு அப்ளை பண்ணுகிறேன். சிரித்து முடித்துவிட்டாயா? சரி. போன நவம்பரில் ஐஐஎம் மாதிரி மேனேஜ்மென்ட் காலேஜ்களுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதினேன். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். பெர்சன்டைல் 97 சொச்சம், அதாவது எழுதின நூறு பேரில் 97 பேர் எனக்குக் கீழே. எங்கள் தெருவில் இதைக் கேட்டுவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்கள். ஆனால் அகமதாபாத் ஐஐஎம்மிலிருந்து இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அங்கே பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். என் பன்னிரண்டாவது மார்க் உனக்குத்தான் தெரியுமே. பல ஐஐஎம்களில் பெண்களுக்கும் இன்ஜினியரிங் படிக்காதவர்களுக்கும் கூடுதல் புள்ளி உண்டு. நியாயம்தான். வகுப்பு முழுக்க நம்மை மாதிரி இன்ஜினியர் பசங்களே உட்கார்ந்திருந்தால் எவன் எவனிடம் கற்றுக்கொள்வது? ஆனாலும் வயிறு எரிகிறது.

இப்போது ஜிமேட் (GMAT) என்ற இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி ஹைதராபாத் ஐஎஸ்பி பிசினஸ் ஸ்கூலுக்கு முயற்சி. புது ஜிமேட்டில் ஜியோமெட்ரியைத் தூக்கிவிட்டார்கள், நீ இருந்திருந்தால் பட்டாசு வெடித்திருப்பாய். பரீட்சைகூடப் பரவாயில்லை. விண்ணப்பத்தில் 'உன்னிடம் என்ன விசேஷம்' என்று கேட்கும் கட்டுரைதான் உயிரை எடுக்கிறது. மெக்கானிக்கல் படிப்பு, சாஃப்ட்வேர் வேலை, கிரிக்கெட். ஞாயிறு ராத்திரி காட்பாடி ஜங்ஷனில் பெங்களூர் வண்டிக்கு நிற்கிற கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தன் கையைப் பிடித்து இழு, அவன்தான் நான்.

பணம் கட்டி ஒரு கன்சல்டன்டைப் பார்த்தேன். "பாலாற்றங்கரையில் நாலு செடி நட்டு போட்டோ எடுத்து வைங்க சார், சமூக சேவைல போடலாம்" என்றார். ஆற்றில் மணலே மிச்சமில்லை, செடிக்குத் தண்ணீர் இவர் ஊற்றுவாரா?

அப்புறம்தான் ஆம்பூர் மாமா யூனிட் ஞாபகம் வந்தது. அங்கே ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைக்கிறார்கள். துணியில் தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கின ஓட்டை இறங்கினதுதான், அந்தப் பீஸ் ரிஜெக்ட். சாயங்காலம் ரிஜெக்ட் கூடுகிறது, பெண்களுக்குக் கவனமில்லை என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். லீவில் போனபோது சும்மா இருக்காமல் எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று நோட்டில் குறித்தேன். ஊசி உடைந்தால்தான் மாற்றுவார்களாம். அதுவரை மழுங்கின முனையோடு ஓட்டுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினுக்கும் புது ஊசி போடச் சொன்னேன். ரிஜெக்ட் குறைந்தது. சூப்பர்வைசர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கட்டுரையில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். மாமா படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுதான் பிடிக்குதுன்னா இங்கயே வந்துடேன், எதுக்குடா லோன் வாங்கிப் படிக்கிற?" பதில் சொல்ல வாய் வரவில்லை, சேகர். ஆபீசில் இத்தனை வருஷத்தில் அந்த ஊசி விஷயம் அளவுக்கு எதுவும் என்னைத் தூங்கவிடாமல் பண்ணவில்லை. ஆனால் மாமாவுக்கு ஆர்டர் வருவது ஒரே ஒரு ஏஜென்ட் மூலம். அந்த ஆள் விலையைக் குறைத்தால் இவர் தலையாட்ட வேண்டியதுதான். ஏன் அப்படி, அதை எப்படி உடைப்பது என்று எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன். இல்லை, விசிட்டிங் கார்டுக்காகத்தானா?

இன்டர்வியூவில் இதைத்தான் தோண்டுவார்கள். அதற்கு முன் நீ தோண்டு. கட்டுரையை மெயிலில் அனுப்புகிறேன். நண்பன் என்று பாவம் பார்க்காமல், பொய் வாசனை அடிக்கிற வரிகளுக்குக் கீழே கோடு போட்டு அனுப்பு. முதல் ரவுண்டு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது, வழக்கம்போல இழுத்தடிக்காதே. அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே. வருகிற சம்பந்தமெல்லாம் 'மாப்பிள்ளைக்கு லோனா?' என்று ஓடிவிடும்.

உன்
பாஸ்கி