தகுதிச்சுற்று எல்லோருக்கும் ஆட்டம் தரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வதேசக் கால்பந்தின் ஆட்ட நாட்காட்டியைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஆடும் வீரர்களின் களைப்பைப் பற்றியே எழுதப்படுகிறது. அதில் நியாயம் உண்டு. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் 32 அணிகளை வைத்துக் கிளப் உலகக் கோப்பையை நடத்தி, வீரர்களுக்குக் கிடைத்துவந்த கோடை ஓய்வையும் ஃபிஃபா எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், வீரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிவிட்டார்கள் என்று ஸ்பெயின் வீரர் ரோட்ரி எச்சரித்த சில நாட்களிலேயே அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்ததும் நினைவிருக்கலாம். ஆனால் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் குறை இதற்கு நேர் எதிரானது: எங்கள் அணிகளுக்குப் பொருட்படுத்தத்தக்க ஆட்டங்களே போதுமான அளவு கிடைப்பதில்லை.

2026 உலகக் கோப்பையை 48 அணிகளுக்கும் 104 ஆட்டங்களுக்கும் விரித்தபோது, ஆசியாவுக்கு நேரடியாக எட்டு இடங்கள் கிடைத்தன. உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் முதன்முறையாகத் தகுதி பெற்றதில் ஆசிய ரசிகன் என்ற முறையில் எனக்கும் மகிழ்ச்சியே. எனினும் ஏணியின் மேல்படியை அகலமாக்கியவர்கள் அடிப்படியைத் தொடவே இல்லை. 2023 அக்டோபரில் நடந்த ஆசியத் தகுதிச்சுற்றின் முதல் சுற்றில் இலங்கை, யேமன் அணியுடன் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு ஆட்டங்கள் ஆடியது. நான்கு ஆண்டுக்கொருமுறை வரும் போட்டியில் அந்நாட்டின் பங்கு அத்தோடு முடிந்தது. தென் அமெரிக்காவிலோ, பட்டியலில் கடைசி இடம் பெற்ற சிலிகூட 18 ஆட்டங்களையும் முழுமையாக ஆடிவிட்டுத்தான் வெளியேறியது. பத்தே நாடுகள் கொண்ட கண்டத்தோடு ஆசியாவை ஒப்பிட முடியாது என்பது சரிதான். அதற்காக இரண்டு ஆட்டங்களா?

இந்திய அணிக்குக் கிடைத்தவை ஆறு. குவைத்தை அதன் மண்ணிலேயே வென்று நம்பிக்கையூட்டிய அணி, குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்று, 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாரிடம் வெளியேறியது. எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை இழுத்து அடித்த கோலை நடுவர் அனுமதித்தார் என்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அது வேறு கதை. அதன்பின் 2025 மார்ச் இறுதியில் ஷில்லாங்கில் வங்கதேசத்தைச் சந்திக்கும்வரை, ஒன்பது மாதங்களுக்கும் மேலாக இந்தியாவுக்குத் தகுதிச்சுற்று ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அந்த ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றிலும் நான்கு அணிகள் கொண்ட பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே வாய்ப்பு என்பதால், ஓரிரு ஆட்டங்களில் சறுக்கினாலே கதவு சாத்தப்படும், அப்படித்தான் சாத்தப்பட்டது.

அமைப்பில் உள்ள கோணல் மேல்நிலையிலும் தெரிகிறது. 2025 அக்டோபரில் உலகக் கோப்பை ஆசியத் தகுதிச்சுற்றின் நான்காம் சுற்றின் இரு பிரிவுகளும் கத்தாரிலும் சவூதி அரேபியாவிலும் நடத்தப்பட்டன. மூன்று அணிகள் கொண்ட ஒவ்வொரு பிரிவிலும், போட்டியை நடத்திய நாடு 8ஆம் தேதியும் 14ஆம் தேதியும் ஆடியது. ஓமன், இந்தோனேசியா அணிகள் 8, 11 தேதிகளிலும், ஐக்கிய அரபு அமீரகமும் ஈராக்கும் 11, 14 தேதிகளிலும் ஆட நேர்ந்தது. கடைசி ஆட்டத்துக்குமுன் போட்டி நடத்திய நாட்டுக்கு ஐந்து நாள் ஓய்வு, எதிரணிக்கு இரண்டு நாள். கடைசியில் தகுதி பெற்றவை போட்டியை நடத்திய அதே இரு நாடுகள். வீட்டுக்காரனே பந்தி விசாரிக்கும்போது யாரிடம் போய் முறையிடுவது? இத்தகைய சுற்றுகளைப் பொதுவான ஒரு நாட்டில், சமமான ஓய்வோடு நடத்துவதை விதியாகவே எழுதிவிட வேண்டும்.

கிளப் ஆட்டங்களை நிறுத்தி நாட்டு அணிகள் ஆடும் செப்டம்பர், அக்டோபர் இடைவேளைகளை ஒன்றாக்கி, 2026 முதல் வீரர்களை ஒரே முறை அழைத்து நான்கு ஆட்டங்கள் வரை ஆட ஃபிஃபா வழிசெய்திருப்பதை நான் வரவேற்கிறேன். பயணம் குறையும், பயிற்சியாளருக்கும் வீரர்கள் கூடுதல் நாட்கள் கையில் இருப்பார்கள். இரண்டு ஆண்டுக்கொருமுறை உலகக் கோப்பை என்று 2021இல் ஃபிஃபாவின் கால்பந்து வளர்ச்சித் தலைவர் ஆர்சென் வெங்கர் முன்வைத்த திட்டம் கைவிடப்பட்டது நல்லதே என்றாலும், இடைவேளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று அதே திட்டத்தில் அவர் சொன்னது சரியான யோசனை. முக்கிய வீரர் ஒருவர் அந்த இரு வாரங்களில் காயம்பட்டால் மொத்தத் தகுதிச்சுற்றும் கைவிட்டுப் போகும் என்ற ஆபத்து இதில் உண்டு. ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் அது தணியும்.

அதற்கு வழிகாட்டி, நாட்டு அணிகளைப் பலத்துக்கேற்பப் பிரிவுகளாக்கி ஐரோப்பாவில் 2018 முதல் நடந்துவரும் நேஷன்ஸ் லீக். தரவரிசையில் கடைசியில் கிடக்கும் சான் மரினோ, ஓசூர் மாநகரின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடக்கூடிய மக்கள்தொகை கொண்ட நாடு. 2004இல் ஒரு நட்பு ஆட்டத்தில் வென்றபின் இருபது ஆண்டுகள் வெற்றியையே காணாத அந்த அணி, 2024இல் லிச்சென்ஸ்டைனை இருமுறை வென்று மேல்பிரிவுக்கு ஏறியது. தன் பலத்துக்கு ஒத்த அணிகளோடு, ஏற்றமும் இறக்கமும் உள்ள ஆட்டங்கள் கிடைத்ததே காரணம். ஆசியாவிலும் இத்தகைய லீக் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றோடு பிணைக்கப்பட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்த மண்ணில் குறைந்தது நான்கு ஆட்டங்களாவது உறுதிசெய்யப்பட வேண்டும்.

நம் வீட்டையும் ஒழுங்குபடுத்தியாக வேண்டும். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி ஃபிஃபா இடைவேளைக்குள் வராததால் கிளப்புகள் வீரர்களை விட மறுக்க, அவசரமாகச் சேர்க்கப்பட்ட இந்திய அணி சீனாவிடம் 1-5 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து இங்கே கிளப்புகளின் போட்டியான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியது.

தருமபுரியில் மாலைப் பயிற்சிக்கு வரும் பையன்களில் பாதிப்பேர் மெஸ்ஸி, ரொனால்டோ பெயர் பொறித்த சட்டைகளோடு வருகிறார்கள். முன்னாள் கேப்டன் சுனில் சேத்ரிக்குப் பின் இந்தியாவின் முன்கள வீரர் யார் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் 2023 ஜூலையில் பெங்களூர் கண்டீரவா அரங்கில் இந்தியா குவைத்தைப் பெனால்டியில் வென்று தெற்காசியக் கோப்பையை எடுத்த இரவில், ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்த இளைஞர்கள் என் வரிசையிலேயே தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். கூட்டம் இருக்கிறது, ஆட்டம்தான் வர வேண்டும். ஆசியக் கூட்டமைப்பு அடுத்த தகுதிச்சுற்றின் வடிவத்தை முடிவுசெய்யுமுன் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இக்கோரிக்கையை எழுத்துவடிவில் முன்வைக்க வேண்டும். தாங்களும் இந்திய அணியின் ஆட்ட அட்டவணையைச் சில வாரங்களுக்கு முன்பே விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டால், பெங்களூரில் நடக்கும் ஆட்டங்களுக்காவது இங்கிருந்து பேருந்து பிடிக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தருமபுரி.