ஹுவாராஸுக்கு வருமுன்: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

ஹுவாராஸ், பெரு
ஏப்ரல் 14

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஜூன் இரண்டாம் வாரம் நீ வருவது உறுதி என்று படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். காலம் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். மே முதல் செப்டம்பர் வரை இங்கே மழை இல்லாத பருவம். பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி. மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

ஆனால் நீ போட்டிருக்கும் திட்டத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். லிமாவில் இறங்கி அன்றிரவே பேருந்து, மறுநாள் லகுனா 69 ஏரி, அதற்கடுத்த நாள் சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கு என்று எழுதியிருக்கிறாய். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவன் நீ. உன் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த உச்சி 2,000 மீட்டர்கூட இல்லை. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இங்கே காய்கறிச் சந்தையே 3,050 மீட்டரில் நடக்கிறது. நாம் தாண்டப்போகும் புந்தா உனியோன் கணவாய் 4,750 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். மாதக்கணக்கில் ஓடிப் பயிற்சி எடுத்தவனையும் அது படுக்க வைக்கும், ஏனென்றால் உடற்பயிற்சி வேறு, உயரத்துக்கு உடம்பு பழகுவது வேறு. இரண்டாவதற்கு நாள்கள்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

கணக்கு எளிது. பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னும் ஓர் இரவு தங்க வேண்டும். நம் வழியில் முதல் முகாம் யாமாகொரல் 3,760 மீட்டர். ஹுவாராஸிலிருந்து அது 700 மீட்டர் தாவல், விதியை மீறுகிறது. அதை ஈடுகட்டத்தான் ஹுவாராஸில் உனக்கு ஐந்து இரவு வைக்கிறேன். அதில் ஒன்றைக்கூடக் குறைக்காதே.

லிமாவில் ஓர் இரவு நன்றாகத் தூங்கு. மறுநாள் பகல் பேருந்தில் வா. ஏறக்குறைய 400 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். கடலோரமாக வடக்கே பட்டிவில்கா வரை வந்து, கிழக்கே திரும்பி ஏறத் தொடங்கும். கொனோகோச்சா ஏரிப் பக்கம் சாலை 4,000 மீட்டரைத் தாண்டிவிட்டு, பிறகு சாந்தா ஆற்றோடு சேர்ந்து ஹுவாராஸுக்கு இறங்கும். காலையில் கடலோரம், பிற்பகலில் 4,000 மீட்டர்! இரவுப் பேருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். தூக்கத்தில் மூச்சு இயல்பாகவே குறையும், அந்த நேரத்தில் அந்த மேட்டைக் கடந்தால் விடியும்போது மண்டை வெடிக்கும். இந்த உயர நோயை இங்கே 'சொரோச்சே' என்பார்கள். கைப்பையைப் பேருந்தில் மேல்தட்டில் வைக்காதே, மடியில் வைத்துக்கொள்.

வந்த மறுநாள் ஊருக்குள் மெதுவாக நடை, அவ்வளவுதான். பீர் கிடையாது, வயிறு முட்டச் சாப்பாடும் கிடையாது. அதற்கடுத்த நாள் எதிர்ப்பக்கக் கருமலைத் தொடரில் வில்காகோச்சா ஏரி, சுமார் 3,700 மீட்டர். ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தால் நாம் நடக்கப்போகும் வெள்ளைத் தொடரின் பனிச் சிகரங்கள் எதிரே வரிசையாக நிற்கும். பிறகு ஒரு நாள் ஓய்வு. அடுத்து சுருப் ஏரி, 4,450 மீட்டர். கடைசிப் பகுதியில் பாறையில் பதித்த கம்பிவடத்தைப் பிடித்து ஏற வேண்டும், அதனால் கையுறை எடுத்துக்கொள். இரண்டு நடைக்கும் பகலில் போய் மாலை இறங்கி ஹுவாராஸிலேயே படுக்கிறோம். லகுனா 69 அழகான ஏரிதான், மறுக்கவில்லை. ஆனால் 4,600 மீட்டர் அது. வந்திறங்கிய மறுநாளே அங்கே போகிறவர்கள் பாதி வழியில் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். வேண்டுமென்றால் கடைசியில் போகலாம். குஸ்கோவும் மச்சு பிச்சுவும் அப்படித்தான்: மலை நடைக்குப் பிறகு வைத்துக்கொள். பழகிய உடம்புக்கு அவை ஒன்றுமே இல்லை. மொத்தம் பதினாறு நாள் விடுப்புக் கேள்.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். அசிட்டசோலமைடு. நம்மூரில் பெரும்பாலும் 250 மில்லிகிராமாகத்தான் கிடைக்கும், பாதியாக உடைத்துக் காலையில் 125, இரவு 125. லிமாவிலிருந்து ஏறுவதற்கு முதல் நாள் தொடங்க வேண்டும். இது வலியை மறைக்கும் மருந்து இல்லை. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும்படி செய்கிறது, இரத்தம் சற்று அமிலமாகிறது, அதனால் மூளை இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்கிறது. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டரிடம் முதலில் கேள். எப்படியும் அவரிடம் கேட்காமல் தொடங்காதே. தூக்க மாத்திரை மட்டும் கொண்டு வராதே. கோகா இலைத் தேநீர் இங்கே எல்லா விடுதியிலும் கொடுப்பார்கள், குடிக்க இதமாக இருக்கும். ஆனால் அது உயரத்துக்குப் பழகிக் கொடுக்காது. அலுவலகத்தில் போதைப் பரிசோதனை உண்டென்றால் தொடவே வேண்டாம், பரிசோதனையில் காட்டிக்கொடுக்கும்.

கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவனின் மூச்சு சில விநாடி நின்று, பிறகு பெருமூச்சாகத் திரும்பும். பயப்படாதே, உயரத்தில் அது சாதாரணம். பயப்பட வேண்டியவை இரண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, அதோடு விடாத இருமல், நுரைச் சளி: நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று மூளை வீக்கம்: பேச்சு குழறும், நடை தள்ளாடும். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்ல வேண்டும். நடக்க முடியவில்லை என்றால் நடு இரவானாலும் இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பள்ளத்தாக்கில் செல்பேசி சிக்னல் கிடைக்காது. அதனால்தான் கழுதைக்காரரிடம் ஒரு குதிரையும் சேர்த்துச் சொல்லிவைக்கப்போகிறேன். நடக்க முடியாதவனை இறக்க வேறு வழி இல்லை.

இனி வழி. சாந்தா குரூஸ் நடை மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர், நான்கு நாள். காஷாபம்பாவில் தொடங்கி வக்கெரியாவில் முடிக்கலாம், அல்லது திருப்பியும் நடக்கலாம். கூட்டமாக அழைத்துப் போகிறவர்கள் பலர் வக்கெரியாவில் தொடங்குகிறார்கள், அது 3,700 மீட்டரிலேயே இருப்பதால் ஏற்றம் குறைவு. நான் காஷாபம்பாவைத்தான் சொல்வேன். அது 2,900 மீட்டர். முதல் நாள் புழுதியும் வெயிலுமாக 850 மீட்டர் ஏற்றம். கஷ்டம்தான், காலை எட்டுக்குள் கிளம்பிவிட வேண்டும். ஆனால் அதன் பிறகு பள்ளத்தாக்கு சாய்வாக மெல்ல ஏறுகிறது. இரண்டாம் இரவு தவுயிபம்பாவில், 4,250 மீட்டர். அங்கிருந்து கணவாய் வெறும் 500 மீட்டர் மேலே. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள், மேகம் ஏறுமுன் தாண்டிவிடலாம். எதிர்த் திசையில் வந்தால் அதே கணவாய்க்கு ஒரே நாளில் 900 மீட்டர் ஏற வேண்டும், போய்ச் சேரும்போது உச்சிப் பொழுதாகி மேகம் மூடியிருக்கும். இன்னொன்றும் உண்டு. உடம்பு கோளாறு பண்ணுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் இரவில்தான். நம் திசையில் என்றால் கணவாயைத் தாண்டாமலே வந்த வழியில் இறங்கிவிடலாம், பாதையும் அங்கே சமதளம் போலத்தான்.

இரண்டாம் நாள் ஹாதுன்கோச்சா ஏரியைத் தாண்டியதும் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி மணலும் கல்லுமாகக் கிடக்கும். 2012 பிப்ரவரியில் மேலே ஒரு பனியாற்று ஏரி உடைந்து அடித்துவந்தது அது. பாதை அங்கே பழைய வரைபடத்தில் இருப்பதுபோல் இருக்காது, கற்குவியல் அடையாளங்களைப் பார்த்துப் போக வேண்டும். தவுயி என்றால் இங்குள்ள மலை மக்களின் கெச்சுவா மொழியில் லூபின் என்ற பயறு வகைச் செடி, பம்பா என்றால் வெளி, ராஹு என்றால் பனிமலை. தவுயிபம்பாவில் கூடாரம் போட்டால் தவுயிராஹு தலைக்கு மேலே நிற்கும். கணவாய்க்கு அந்தப் பக்கம் மரப்பட்டை காகிதம் காகிதமாக உரியும் கெனுவால் மரக் காடு வழியாகப் பரியா முகாமுக்கு, 3,850 மீட்டர். நான்காம் நாள் நண்பகலுக்குள் வக்கெரியா சேர வேண்டும். அங்கிருந்து யுங்கைக்கு வண்டிகள் குறைவு. தவறவிட்டால் இரவு அங்கேதான்.

சமையலில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 4,250 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. பருப்பு வேகவே வேகாது, அரிசி வெளியே குழைந்து நடுவில் வேகாமல் நிற்கும். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கேயும் வீட்டுக்கு வீடு குக்கர்தான். நீ இரண்டு கிலோ அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு வா. அவலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கேஸ் மிச்சம். விதை, பழம், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். சுங்கத்தில் பிடுங்குவார்கள், கொண்டுவரும் உணவைப் படிவத்தில் எழுதிவிடு. கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றக் கூடாது, இங்கேயே 450 கிராம் டப்பா ஒன்று வாங்கிவிடலாம். இரவு அதைக் காலடியில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கடுங்குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, காலையில் அடுப்பு முனகிக்கொண்டு நின்றுவிடும். தண்ணீர் வடிகட்டியையும் அதே பைக்குள் வை. உள்ளே ஈரம் உறைந்தால் நுண்குழாய்கள் வெடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, வடிகட்டாத தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்போம். பள்ளத்தாக்கு முழுக்க மாடு மேய்கிறது, ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கவே கூடாது. குளோரின் மாத்திரை போட்டால் அந்தக் குளிரில் அரை மணி போதாது, ஒரு மணி நேரம் வை. இது தேசியப் பூங்கா, விறகு எரிக்க அனுமதி இல்லை.

உனக்கு வேண்டிய உடைமை: மைனஸ் 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், இறகு ஜாக்கெட், மழைச்சட்டை, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, ஊன்றுகோல் இரண்டு. பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்ற இடத்தில் குளிரும். ஷூவை இப்போதே வாங்கி 70 கிலோமீட்டராவது நடந்து பழக்கு. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். கழுதை 14 கிலோ சுமந்தால் உன் முதுகில் ஆறு கிலோவுக்கு மேல் இருக்காது. கழுதைக்காரருக்கு அவர் வீடு திரும்பும் நாளுக்கும் கூலி தர வேண்டும். அவருக்கும் நம்மோடு சாப்பாடு, படுக்க நல்ல கூடாரம். இதில் பேரம் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே பெரு நாட்டுப் பணமான சோல், அதுவும் சில்லறையாகத்தான் செல்லும், கார்டு உதவாது.

மறந்துவிடாதே: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மலையில் அதைப் பரப்பும் கொசு இல்லை, ஆனால் பெருவிலிருந்து திரும்பும்போது நம் நாட்டு விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், நாளை விசாரித்துக்கொண்டு போ.

திரும்பும் வழியில் யுங்கையில் இறங்குவோம். 1970 மே 31 நிலநடுக்கத்தில் ஹுவாஸ்கரான் மலையின் பனியும் பாறையும் சரிந்து அந்த ஊர் முழுவதையும் மூடிவிட்டது. பழைய சதுக்கத்தில் பனைமரங்கள் சில மட்டும் தலை நீட்டி நின்றன. கல்லறைக் குன்றில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். ஊரை மீண்டும் தோண்டவில்லை, அந்த இடமே இப்போது சமாதி. அங்கே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

பிறகு ஹுவாராஸில் உனக்கு 'சோச்சோ செவிச்சே' வாங்கித் தருகிறேன். மீன் இல்லை, பயப்படாதே. லூபின் பருப்பைப் பல நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பெடுத்து, எலுமிச்சை, வெங்காயம், தக்காளி, மிளகாய், கொத்தமல்லி போட்டுக் கலந்தது. கடற்கரைச் சுண்டல் நினைவுக்கு வரும். பச்சையாகக் கலப்பதால் நடைக்கு முன்பு கேட்டால் வாங்கித் தர மாட்டேன்.

மே முதல் வாரத்துக்குள் எழுது: சல்ஃபா உனக்கு ஒத்துக்கொள்ளுமா, ஷூ வாங்கியாயிற்றா, பதினாறு நாள் விடுப்புக் கிடைத்ததா. தெரிந்ததும் காஷாபம்பாவில் கழுதைக்குச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமரன்